சிங்கப்பூர் செங்காங் வீட்டுக்கு எம்ஓபி (கட்டாயம் குடியிருக்க வேண்டிய குறைஞ்சபட்ச காலம்) முடிஞ்சிருச்சு, வாடகைக்கு விட இன்னொரு வீடு வாங்கலாமா?

செங்காங்_தம்பி

வணக்கம் எல்லாருக்கும். நானும் மனைவியும் ரெண்டு பேருமே சிட்டிசன். செங்காங்ல ஃபோர் ரூம் பிடிஓ (அரசு வீட்டு வாரியமான எச்டிபிகிட்ட புதுசா வாங்குன வீடு), ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு, இந்த வருஷம் எம்ஓபி முடிஞ்சது. எச்டிபி கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி. ஒரு பொண்ணு, பிரைமரி டூ படிக்கிறா.

எம்ஓபி முடிஞ்ச மாசத்துல இருந்தே லெட்டர்பாக்ஸ் பூரா ஏஜென்ட் நோட்டீஸ். ஆபீஸ்ல ஒரு நண்பர் வேற பொங்கோல் பக்கம் ஒரு சின்ன காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கிப் போடு, வாடகை வந்து லோனை அடைச்சிடும், நீ கைக்காசு போட வேண்டியதில்லன்னு சொல்றார். 1.2 மில்லியன் கிட்ட ஒண்ணு பார்த்து வச்சிருக்கோம், அந்தக் கட்டடத்துல 3,500 வெள்ளி வாடகை போகுதுன்னு ஏஜென்ட் சொன்னாங்க. எங்க அப்பாவும் இந்த ஊருக்கு வந்து வாடகை வீட்ல இருந்துதான் எங்களை வளர்த்தாரு, அதனால ஒரு வீடாவது பிள்ளை பேருக்கு இருக்கணும்னு எனக்கு மனசுல ரொம்ப நாளா இருக்கு.

இதுல அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. இப்ப வாங்கலாமா? இல்ல வேற எப்படி ஆரம்பிக்கிறது? ஒருவேளை எங்க வீட்டையே முழுசா வாடகைக்கு விட்டுட்டு கொஞ்ச நாள் மாமனார் வீட்ல இருக்கலாமான்னும் ஒரு யோசனை. டெனன்ட் பாக்குறது, அக்ரிமென்ட் போடுறது எதுவுமே எனக்குத் தெரியாது.

---

ஜூரோங்_கணக்கர்

தம்பி, வாடகை லோனை அடைச்சிடும்னு உங்க நண்பர் சொல்றாரே, அது முதல் வீட்டுக்கு ஓரளவு சரியா வரலாம். ரெண்டாவது வீட்டுக்கு சிங்கப்பூர்ல கணக்கே வேற. நான் உங்க நம்பரை வச்சே போட்டுக் காட்டுறேன், பேப்பர் பேனா எடுத்துக்கிட்டு கூடவே போடுங்க.

முதல்ல வரி. 2023 ஏப்ரல் 27ல இருந்து சிட்டிசன் ரெண்டாவது வீடு வாங்குனா ஏபிஎஸ்டிங்கிற கூடுதல் முத்திரை வரி 20%. 1.2 மில்லியனுக்கு அது மட்டுமே 240,000 வெள்ளி. சாதாரண முத்திரை வரி, பிஎஸ்டி, படிப்படியா ஏறும், உங்க விலைக்கு 32,600 வரும். ஆக வீட்டுச் சாவியத் தொடுறதுக்கு முன்னாடியே 272,600 வெள்ளி அரசாங்கத்துக்கு, அதுவும் கையெழுத்துப் போட்டு 14 நாளுக்குள்ள.

அடுத்து லோன். உங்களுக்கு எச்டிபி கடன் பாக்கி இருக்குறதால இது ரெண்டாவது வீட்டுக் கடனாத்தான் பேங்க் எடுத்துக்கும், அப்ப 45% வரைக்கும்தான் கிடைக்கும், அதாவது 540,000. மிச்சம் 660,000ல 300,000 சுத்தமா ரொக்கமா இருக்கணும், பாக்கி சிபிஎஃப்ல (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) இருந்து எடுக்கலாம்னாலும் ரெண்டாவது வீட்டுக்கு எடுக்குறதுக்கு முன்னாடி பேசிக் ரிட்டயர்மென்ட் சம் (ஓய்வுக்காலத்துக்கான அடிப்படைத் தொகை) அளவுக்கு ஒதுக்கி வச்சிருக்கணும், உங்க வயசுல நிறைய பேருக்கு அதுவே எட்டாது. மொத்தமா கூட்டினா 932,600. இத்தனை கையில இருந்தா நீங்க இங்க கேள்வி கேட்டிருக்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன்.

சரி, எச்டிபி கடனை முழுசா அடைச்சிட்டீங்கன்னு வச்சுக்குவோம். அப்ப 75% லோன், 900,000. கையில இருந்து 300,000, அதோட வரி 272,600, மொத்தம் 572,600. இப்ப வாடகை பாருங்க. 3,500 வீதம் வருஷத்துக்கு 42,000. காண்டோ மெயின்டனன்ஸ் மாசம் 300ன்னா 3,600 போச்சு. சொத்து வரி, நீங்க குடியிருக்காத வீட்டுக்கு ரேட் அதிகம், ஆனுவல் வேல்யூல (வீட்டுக்கு மதிப்பிட்ட வருஷ வாடகை) முதல் 30,000க்கு 12%, அடுத்த 15,000க்கு 20%. 38,000 ஆனுவல் வேல்யூன்னு வச்சா 5,200. வட்டி 2.5%ன்னு போட்டா முதல் வருஷம் சுமார் 22,500. இதெல்லாம் கழிச்சா 10,700 நிக்குது. அதுக்கு மேல வருமான வரி, வாடகையில 15% பொதுச் செலவாவும் வீட்டுக் கடன் வட்டியவும் வரித்துறை ஐராஸ் கழிச்சுக்க விடும், மிச்சம் 13,200க்கு உங்க வருமான வரி ரேட் 11.5%ன்னா 1,500 சொச்சம். கடைசியா கைல 9,200.

572,600 போட்டு 9,200. ரெண்டு சதவீதம் கூட இல்ல. சிபிஎஃப் ஆர்டினரி அக்கவுன்ட்ல சும்மா கிடந்தாலே 2.5% வருது தம்பி. இதுல வீடு ஒரு மாசம் காலியா கிடந்தது, ஏர்கான் கம்ப்ரசர் போனது, ஏஜென்ட் கமிஷன் எதையும் நான் சேர்க்கல. லோன் அசலை வேற மாசாமாசம் கைல இருந்துதான் கட்டணும், அது சேமிப்புதான்னாலும் மாசக் கடைசியில வலிக்கும்.

அப்ப ஏன் ஆளுங்க வாங்குறாங்கன்னா விலை ஏறும்ங்கிற நம்பிக்கையில. ஏறலாம், இல்லன்னு சொல்லல. ஆனா 20% ஏபிஎஸ்டியத் திரும்ப எடுக்கவே விலை அவ்வளவு ஏறணும். அவசரமா விக்கவும் முடியாது, 2025 ஜூலை 4லயோ அதுக்கு அப்புறமோ வாங்குனதுன்னா நாலு வருஷத்துக்குள்ள வித்தா விக்கிறவர் வரி வேற, முதல் வருஷம் 16%, அப்புறம் 12, 8, 4ன்னு இறங்கும். பேங்க்ல டிடிஎஸ்ஆர் 55% (எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாச வருமானத்துல இதுக்கு மேல போகக் கூடாதுங்கிற வரம்பு) பாக்கும்போது வாடகை வருமானத்துல 30% வெட்டிட்டுத்தான் எடுத்துக்குவாங்க, அதையும் மனசுல வைங்க.

என் கருத்து, இப்ப வேண்டாம்.

---

பெடோக்_அக்கா

கணக்கர் அண்ணன் சொன்னதுல ஒரு வரி கூட மாத்த வேண்டாம். ஆனா தம்பிக்கு வாடகைத் தொழில் பழகணும்னு ஆசை இருக்கு, அதுக்கு 1.2 மில்லியன் தேவையில்ல. உங்க வீட்லயே ஒரு ரூமை விடுங்க. நான் அப்படித்தான் ஆரம்பிச்சேன், இன்னிக்கும் பெடோக் வீட்ல ஒரு ரூம் வாடகைக்குத்தான் போகுது.

முழு வீடு விடுறதப் பத்திக் கேட்டீங்க. எம்ஓபி முடிஞ்ச சிட்டிசன் விடலாம், பிஆர் (நிரந்தரவாசி) விட முடியாது. இப்ப புதுசா வர்ற பிளஸ், பிரைம்ங்கிற வகை எச்டிபி வீடுகள்ல சிட்டிசனா இருந்தாலும் முழு வீடு எப்பவுமே விட முடியாது, உங்களோடது பழைய பிடிஓ அதனால பிரச்சினை இல்ல. எச்டிபி அப்ரூவல் முதல்ல வாங்கணும், ஒரு தடவைக்கு குறைஞ்சது ஆறு மாசம். மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீடு விடுறதுன்னா புளோக்குக்கு 11%, வட்டாரத்துக்கு 8%ன்னு கோட்டா இருக்கு, அது நிறைஞ்சிருந்தா சிங்கப்பூரருக்கோ மலேசியருக்கோதான் விடணும். இன்னொண்ணு, நீங்க வெளிய போயிட்டீங்கன்னா சொத்து வரி குடியிருக்காதவர் ரேட்டுக்கு மாறிடும். ரூம் மட்டும் விட்டுட்டு நீங்களும் அங்கயே இருந்தா அந்தக் குறைஞ்ச ரேட்டே தொடரும். வாடகைக்கு வருமான வரி ரெண்டுலயும் உண்டு, மறைக்காம காட்டிடுங்க.

ஆனா ஒரு ரூமைப் பூட்டி வச்சுட்டு மத்ததை விட்டுட்டு மாமனார் வீட்டுக்குப் போறதுங்கிறது கூடாது, அது முழு வீடு விட்ட மாதிரிதான். பக்கத்துல யாராவது சொல்வாங்க, யாருக்குத் தெரியும்னு. எச்டிபி வந்து சோதனை பண்றாங்க, வீட்டையே திரும்ப எடுத்துக்குற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு. பிள்ளைக்குன்னு வச்சிருக்கிற வீட்டைப் பணயம் வைக்காதீங்க.

சுவர் எழுப்பி ரூமை ரெண்டாக்குறதும் வேண்டாம். தினவாடகை, வாரவாடகை அறவே வேண்டாம், எச்டிபில ஆறு மாசம், காண்டோல மூணு மாசம், அதுக்குக் கீழ சட்டத்துக்கு எதிர்.

டெனன்ட் யாருன்னு பாக்குறதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். வெளிநாட்டவரா இருந்தா பாஸோட (வேலை, படிப்பு அனுமதி அட்டை) ஒரிஜினலைக் கையில வாங்கிப் பாருங்க, வாட்ஸ்அப்ல அனுப்புன போட்டோ போதாது. பாஸ்போர்ட்டோட பேரு நம்பர் ஒத்துப் போகுதா பாருங்க. அப்புறம் எம்ஓஎம் (மனிதவள அமைச்சு) இல்ல ஐசிஏ (குடிநுழைவுத் துறை) வெப்சைட்ல அந்தப் பாஸ் செல்லுமான்னு நீங்களே தட்டிப் பாருங்க. மூணுமே செய்யணும், ஏஜென்ட் பார்த்துட்டேன்னு சொன்னாலும் வீட்டுக்காரர் பொறுப்பு போகாது, சட்டவிரோதமா தங்குறவருக்கு இடம் கொடுத்தா ஜெயில் வரைக்கும் போகும். கட்டுமானம், கப்பல் பட்டறை, உற்பத்தி மாதிரி துறைகள்ல ஒர்க் பெர்மிட்ல இருக்குற மலேசியர் அல்லாதவங்களுக்கு எச்டிபி ரூம் விட முடியாது, அதுவும் தெரிஞ்சுக்குங்க, நம்ம ஊர்ப் பையன் பாவம்னு இடம் கொடுத்துட்டு ரெண்டு பேரும் மாட்டிக்குவீங்க.

---

செங்காங்_தம்பி

அண்ணே அக்கா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கணக்கைப் பேப்பர்ல போட்டு மனைவிகிட்ட காட்டுனேன், அவங்க முகத்தைப் பார்த்ததும் காண்டோ பேச்சை நிறுத்திட்டேன். ஒரே ஒரு சந்தேகம், அதே நண்பர் இப்ப மனைவி பேர்ல இருந்து பங்கை எடுத்துட்டா ஏபிஎஸ்டி இல்லாம அவங்க பேர்ல வாங்கலாம்னு சொல்றார். அது நடக்குமா? அப்புறம் ரூம் விடுறது எங்களுக்குப் பிடிச்சிருக்கு, ஒரு ரூம் சாமான் போட்டு வச்சிருக்கோம், பொண்ணு எங்ககூடத்தான் தூங்குறா. எங்க புளோக்ல ஆயிரம் வெள்ளி பக்கம் போகுது. ஆனா வீட்ல பொம்பளப் பிள்ளை இருக்கு, அதான் யோசனை.

---

ஜூரோங்_கணக்கர்

எச்டிபில அது முடியாது தம்பி. 2016ல இருந்தே நிறுத்திட்டாங்க. கல்யாணம், விவாகரத்து, இறப்பு, பணக் கஷ்டம் மாதிரி சில காரணத்துக்குத்தான் பங்கு மாத்த விடுவாங்க, ரெண்டாவது வீடு வாங்கணும்ங்கிறது காரணம் ஆகாது. தனியார் வீட்ல பங்கு மாத்துறது வேற விஷயம், ஆனா அதுலயும் ஒருத்தர் 99% ஒருத்தர் 1%ன்னு பங்கு பிரிச்சு விளையாடுனதை ஐராஸ் தோண்டி எடுத்து ஏபிஎஸ்டியோட 50% அபராதமும் சேர்த்து வாங்குச்சு. அந்தப் பக்கமே போகாதீங்க.

எச்டிபியை வித்துட்டு ஆளுக்கு ஒரு காண்டோன்னு அடுத்து யாராவது சொல்வாங்க பாருங்க. ஏபிஎஸ்டி வராதுதான், ஆனா ரெண்டு பேரும் தனித்தனியா ஒத்த சம்பளத்துல லோன் எடுக்கணும், ஒருத்தருக்கு வேலை போச்சுன்னா அந்த வீடு நிக்காது. எச்டிபி வித்த காசுல சிபிஎஃப்ல இருந்து எடுத்ததை வட்டியோட சிபிஎஃப்புக்கே திருப்பிக் கட்டிட்டுத்தான் மிச்சம் கைக்கு வரும். பிற்பாடு எச்டிபிக்கே திரும்பலாம்னு நினைச்சாலும், தனியார் வீட்டை வித்த பிறகு 15 மாசம் காத்திருந்துதான் ரீசேல் வாங்க முடியும், 55 வயசு தாண்டுனவங்க ஃபோர் ரூமோ சின்னதோ வாங்குறதுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்ல. குழந்தை ஸ்கூல் படிக்கும்போது இந்த அலைச்சல் வேண்டாம்.

சொத்துல காசு போடணும்னு ஆசை இருந்தா ரீட் பாருங்க. மால், ஆபீஸ், கிடங்குன்னு வாடகைக்கு விடுற டிரஸ்ட்டு, பங்குச் சந்தையில ஷேர் மாதிரியே வாங்கலாம், சிங்கப்பூர்ல 2002ல முதல் ரீட் வந்தது. வரி விதிக்கத்தக்க வருமானத்துல 90%க்குக் குறையாம பங்குதாரருக்குக் கொடுத்தாத்தான் அவங்களுக்கு வரிச் சலுகை, அதனால வருமானம் ஒழுங்கா வரும், தனி ஆளுக்கு அந்த டிவிடெண்டுக்கு வரியும் இல்ல. வட்டி ஏறுனா விலை இறங்கும், அதுக்கு மனசத் தயார் பண்ணிக்குங்க. சில நூறு வெள்ளில ஆரம்பிக்கலாம், டெனன்ட் நடு ராத்திரி போன் பண்ண மாட்டாங்க.

---

உட்லண்ட்ஸ்_வாசி

நான் இங்க டெனன்ட். எஸ் பாஸ்ல வந்து இப்ப இபி (ரெண்டும் வேலை அனுமதி வகை), ரூம் ரூமா மாறி வாழ்ந்தவன், அதனால அந்தப் பக்கத்துல இருந்து ரெண்டு வார்த்தை சொல்லணும்னு தோணுது, தம்பி வீட்டுக்காரரா ஆகப் போறார்ல.

ரூம் தேடி போன் பண்ணுனா முதல் கேள்வியே எந்த ஊருன்னுதான், இந்தியான்னு சொன்னதும் ரூம் போயிருச்சுன்னு வச்சிடுவாங்க, மறுநாளும் அதே விளம்பரம் இருக்கும். ஏஜென்ட்டுங்க விளம்பரத்துல இனம் பார்த்து ஒதுக்கி எழுதக்கூடாதுன்னு சிஇஏ (ஏஜென்ட்டுகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) விதி இருக்கு, இருந்தாலும் போன்ல நடக்குறத யாரு பாக்குறது. இடம் கொடுத்தாலும் சமைக்கக் கூடாது, அப்புறம் லேசா சமைக்கலாம், லேசான்னா மேகி மட்டும். நமக்குச் சாம்பார் ரசம் இல்லாம எத்தனை நாள் ஓடும்? லிட்டில் இந்தியா தேக்காவுல தினமும் சாப்பிட்டா சம்பளத்துல பாதி போயிடும். அதனால தம்பி, சமையலுக்கு விடுவீங்களா மாட்டீங்களா, எந்த நேரம், எந்த அடுப்பு, ஃபிரிட்ஜ்ல எந்தத் தட்டுன்னு முதல் நாளே சொல்லிடுங்க. விடலன்னாலும் பரவாயில்ல, தெரிஞ்சுக்கிட்டு வர்றவங்க சண்டை போட மாட்டாங்க.

டெபாசிட் விஷயம் இதைவிடக் கஷ்டம். ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாச வாடகை, ரெண்டு வருஷத்துக்கு ரெண்டு மாசம்ங்கிறது வழக்கம். எனக்கு ஒரு வீட்ல காலி பண்ணும்போது சுவர்ல பழைய கறையைக் காட்டி டெபாசிட்டைப் பூரா பிடிச்சுக்கிட்டாங்க, அந்தக் கறை நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது, ஆனா என்கிட்ட போட்டோ இல்ல. ஊருக்குப் பணம் அனுப்புற மாசம் அது, எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல போகாத குடியிருப்பு ஒப்பந்தம்னா ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிபியூனலுக்குப் (சின்னத் தொகை வழக்குகளுக்கான மன்றம்) போகலாம், 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா 30,000. வக்கீல் தேவையில்ல, வக்கீலை அங்க விடவும் மாட்டாங்க. டெனன்ட்டுக்கும் வழி உண்டு, வீட்டுக்காரருக்கும் வழி உண்டு.

பொண்ணு இருக்குற வீடுன்னா ஒரு பெண் டெனன்ட்டா பாருங்க, நர்ஸ் வேலைக்கு வர்றவங்க, படிக்க வர்றவங்க எத்தனையோ பேரு நல்ல குடும்பம் தேடி அலையுறாங்க. மாணவர்னா ஸ்டூடண்ட் பாஸையும் அதே மாதிரி சரிபாருங்க, ஆறு மாசமாவது செல்லுபடி இருக்கணும்.

---

பெடோக்_அக்கா

உட்லண்ட்ஸ் தம்பி சொன்னது மனசுக்குக் கஷ்டமா இருக்கு, ஆனா உண்மை. நாமளே நம்ம ஆளுங்களுக்கு ரூம் கொடுக்க யோசிக்கிறோமே, அதையும் சேர்த்துச் சொல்லணும். என் வீட்ல திருச்சியில இருந்து வந்த ஒரு நர்ஸ் பொண்ணு இருந்துச்சு, என் மகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுக்கும், இன்னிக்கும் பொங்கலுக்குப் போன் பண்ணும். வாடகை மட்டும் பார்த்து ஆளை எடுக்காதீங்க. வீட்ல எல்லாரும் இருக்கும்போது வரச் சொல்லி உக்காந்து பேசுங்க, உங்க மனைவிக்கும் பொண்ணுக்கும் சரின்னு பட்டாத்தான் மேல போகணும், ஐம்பது நூறு வெள்ளி குறைச்சு வந்தாலும் பரவாயில்ல.

அக்ரிமென்ட் பத்தி. ஒரு பக்கம் பேப்பர்ல நீங்களா எழுத வேண்டாம், சிஇஏ வெப்சைட்ல வாடகை ஒப்பந்தத்துக்கு ஒரு மாதிரிப் படிவம் இருக்கு, வீட்டுக்காரர் டெனன்ட் ரெண்டு பக்கத்துக்கும் நியாயமா இருக்கும், அதை வச்சு ரூமுக்குத் தகுந்த மாதிரி சேர்த்துக்குங்க. நான் கட்டாயம் எழுதுறது என்னன்னா, வாடகை எந்தத் தேதி, பியூபி (கரண்ட், தண்ணி) பில் வாடகைக்குள்ளயா இல்ல பங்கா, ஏர்கான் சர்வீஸ் மூணு மாசத்துக்கு ஒரு தடவை யார் காசு, சின்னச் சின்ன ரிப்பேர்ல எந்தத் தொகை வரைக்கும் டெனன்ட், அதுக்கு மேல நான், விருந்தாளி ராத்திரி தங்கலாமா, பாஸ் கேன்சல் ஆகி ஊருக்குப் போக வேண்டி வந்தா எத்தனை நாள் நோட்டீஸ். கடைசியா சொன்னதை விட்டுடாதீங்க, வேலை போறது யாருக்கும் வரும், அப்ப பாவம் அவங்களை மீதி மாச வாடகைக்குப் பிடிச்சு வைக்கக் கூடாது.

ஏஜென்ட் வச்சா சிஇஏ பதிவேட்டுல அவர் பேரும் போன் நம்பரும் சரியா இருக்கான்னு தேடிப் பாருங்க. வாடகையோ டெபாசிட்டோ ஏஜென்ட் கையில கொடுக்கவே கூடாது, அவங்க அந்தப் பணத்தைத் தொடக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, நேரா உங்க அக்கவுன்ட்டுக்கு வரணும். ஒரே ஆள் உங்ககிட்டயும் டெனன்ட்கிட்டயும் கமிஷன் கேட்டா வேற ஆள் பாருங்க.

குடி வர்ற அன்னிக்கு ரெண்டு பேரும் சேர்ந்து ரூமைச் சுத்தி வீடியோ எடுங்க, சுவர், மெத்தை, ஏர்கான் ரிமோட், ஜன்னல் கதவு எல்லாம், அதை அப்பவே ரெண்டு பேர் வாட்ஸ்அப்லயும் போட்டுடுங்க. காலி பண்ற அன்னிக்கு அதை வச்சுப் பார்த்து, தேய்மானம் வேற சேதாரம் வேறன்னு பிரிச்சு, டெபாசிட்டைப் பதினாலு நாளுக்குள்ள கொடுத்துடுறேன்னு ஒப்பந்தத்துலயே எழுதிடுங்க. உட்லண்ட்ஸ் தம்பிக்கு நடந்தது உங்க வீட்ல நடக்கக் கூடாது.

---

செங்காங்_தம்பி

அக்கா, அடுத்த வாரம் எச்டிபி அப்ரூவலுக்குப் போடப் போறேன், மனைவியும் சரின்னுட்டாங்க, பெண் டெனன்ட்தான் பாக்குறோம். ஸ்டாம்ப் டூட்டின்னு ஒண்ணு இருக்காமே, ரூமுக்கும் கட்டணுமா? அதை யாரு கட்டுறது?

---

பெடோக்_அக்கா

கட்டணும் தம்பி. வழக்கமா டெனன்ட்தான் கட்டுவாங்க. மொத்த வாடகையில 0.4%, ஆயிரம் வெள்ளி ரூம் ஒரு வருஷத்துக்குன்னா வெறும் 48 வெள்ளி, கையெழுத்துப் போட்டு 14 நாளுக்குள்ள ஐராஸ் வெப்சைட்லயே கட்டிடலாம். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைக் கோர்ட்டுல ஆதாரமா எடுத்துக்க மாட்டாங்க, அதனால கட்டின சர்டிபிகேட் ஒரு காப்பி உங்ககிட்டயும் இருக்கட்டும். புதுசா வந்த பொண்ணுக்கு சிங்பாஸ் (அரசு வெப்சைட்ல நுழையுற கணக்கு) இன்னும் வரலன்னா நீங்க உக்கார வச்சு உங்க அக்கவுன்ட்ல இருந்து கட்டிட்டு முதல் மாச வாடகையோட அந்தக் காசை வாங்கிக்குங்க. அப்ரூவல் வந்ததும் இங்க எழுதுங்க, என் பழைய ஒப்பந்தத்துல சமையல், ஃபிரிட்ஜ் பத்தின பகுதியை அப்படியே போடுறேன்.